லாரியின் உச்சிக்கு ஏணி: கவனம் வேண்டியது கடைசிப் படியில்

பஃப்ளோ சாலையிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் கடைகள் திறப்பதற்கு முன்பே லாரிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். வெங்காய மூட்டை, தேங்காய், வாழையிலைக் கட்டு, அரிசி என்று தேக்கா வட்டாரத்துக்கு வேண்டியதெல்லாம் லாரியில்தான் வருகிறது. ஒருவர் சக்கரத்தின்மேல் கால்வைத்து, பக்கத் தடுப்பைப் பிடித்து, ஒரே தாவலில் சரக்கின்மேல் ஏறி நிற்பார். தார்ப்பாயின் முடிச்சை அவிழ்ப்பார். மூட்டையைத் தள்ளிவிடுவார். பிறகு ஏறிய வழியிலேயே குதித்து இறங்குவார். மொத்த வேலையும் இரண்டு நிமிடம்.

‘உயரத்தில் வேலை’ என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சாரம், கட்டடக் கூரை, மின்தூக்கிக் குழி. லாரியின் உச்சி அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஏணியும் அப்படித்தான்; அது வீட்டிலும் இருக்கும் பொருள், அதில் ஏறக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணம். ஆனால் மனிதவள அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் வேலையிட மரணங்கள் பற்றிய அறிக்கையில், வாகன விபத்துகளும் உயரத்திலிருந்து விழுவதும் முக்கியக் காரணங்களாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. சிங்கப்பூரில் 2023ல் 36 பேரும் 2024ல் 43 பேரும் வேலையிடத்தில் உயிரிழந்தனர். வாகனத்தின்மேல் ஏறி நிற்பவர் இந்த இரண்டு அபாயங்களுக்கும் நடுவில் நிற்கிறார்: அவர் நிற்கும் இடம் உயரம், அவர் காலடியில் இருப்பது நகரக்கூடிய பொருள்.

எவ்வளவு உயரம்?

சிறிய லாரியின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர். அதன்மேல் சரக்கு ஏற்றி, அந்தச் சரக்கின்மேல் ஆள் நின்றால் 2 மீட்டரைத் தாண்டிவிடும். பெட்டி லாரியின் கூரை 3 மீட்டர் அளவில் இருக்கும். டிரெய்லரில் ஏற்றிய கொள்கலனின் உச்சி 4 மீட்டரைத் தொடும், சில வகைகளில் தாண்டியும் இருக்கும். சிங்கப்பூர்ச் சாலைகளில் வாகனத்தின் உயர வரம்பு 4.5 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், துவாசிலும் ஜூரோங்கிலும் கொள்கலன்மேல் ஏறுபவர் ஏறத்தாழ அந்த வரம்பு வரையிலும் ஏறுகிறார் என்று சொல்லலாம்.

2 மீட்டரிலிருந்து விழுபவர் தரையைத் தொட எடுக்கும் நேரம் 0.64 வினாடி. அப்போது அவரது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்கும் மேல். 4 மீட்டரிலிருந்து விழுந்தால் 0.9 வினாடி, மணிக்கு 32 கிலோமீட்டர். கையை நீட்டி எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பது நினைப்பு மட்டுமே. உடலுக்கு அதற்கு நேரம் இல்லை. தலைக்கவசத்தின் தாடைவாரை மாட்டாமல் விட்டிருந்தால் கவசம் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் போய் விழும். லாரித் தளத்தின் 1 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. குதிகால் எலும்பும் கணுக்காலும் உடைந்து பல மாதம் வேலைக்குப் போக முடியாமல் போவது அந்த உயரத்திலும் நடக்கும். ஊரில் கடன் வாங்கிக் கப்பம்போல் முகவர் கட்டணம் கட்டி வந்தவருக்குப் பல மாதம் என்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

ஏறாமலே முடியுமா?

ஏணியைத் தேடுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டுப் பார்த்தால், மேலே ஏறிச் செய்யும் வேலைகளில் கணிசமானவை தரையில் நின்றபடியே முடியக்கூடியவை என்று தெரியும். தார்ப்பாயைப் பக்கவாட்டில் கைப்பிடி சுழற்றி விரிக்கவும் சுருட்டவும் கருவி உண்டு. கூரையைக் கழுவ நீண்ட கைப்பிடித் தூரிகை உண்டு. மேலே ஏதேனும் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கைப்பேசியைக் கோலில் மாட்டிப் படம் எடுத்துப் பார்க்கலாம். பளுதூக்கியின் கொக்கியைச் சரக்கில் மாட்டவும் கழற்றவும் நீண்ட கோல்கள் இருக்கின்றன. எண்ணெய், ரசாயனத் தொட்டி லாரிகளில் அடிப்பக்கத்திலிருந்தே நிரப்பும் அமைப்பு இருந்தால், மூடியைத் திறக்க மேலே போக வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஏணிக்கு முன்பு யோசிக்க வேண்டியது மேடை. சக்கரம் வைத்த, கைப்பிடிக் கம்பியுள்ள படிக்கட்டு மேடையை லாரியின் பக்கத்தில் தள்ளிவந்து, சக்கரங்களைப் பூட்டி, அதில் நின்று வேலை செய்யலாம். ஒரே இடத்தில் தினமும் சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்குகளுக்கு இது ஏற்றது. ஏணி என்பது குறுகிய நேர வேலைக்கும், மேலே போய் வருவதற்கும் மட்டுமே. அதன்மேல் நின்று இரண்டு கையாலும் கனமான வேலை செய்வதற்காக அது செய்யப்படவில்லை.

வாகனம் சுவர் அல்ல

சுவரில் ஏணி சாய்க்கத் தெரிந்தவர்கள் பலர். வாகனத்தில் சாய்க்கும்போது ஒரு வேறுபாடு இருக்கிறது: சுவர் அசையாது, வாகனம் அசையும். கைபிரேக் சரியாகப் போடாத லாரி சரிவில் அங்குலம் நகர்ந்தாலும் போதும், ஏணியின் தலை நழுவிவிடும். நகராத லாரிகூட, ஆள் ஏறியவுடன் அல்லது பாரத்தை இறக்கியவுடன் ஸ்பிரிங்கின்மேல் எழும்பித் தாழும்.

ஆகவே ஏணியைத் தொடுவதற்கு முன்பு வாகனத்தை அசையாமல் ஆக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டை வைக்க வேண்டும். அந்தச் சாவி மேலே ஏறுபவரின் பையில் இருப்பதே நல்லது. ஓட்டுநர் தேநீர் குடித்துவிட்டு வந்து, மேலே ஆள் இருப்பதை அறியாமல் வண்டியை எடுப்பதற்கு வழியே இருக்காது. பெரிய கிடங்குகளில் சாவியைப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கம் இதற்காகத்தான்.

ஏணியின் சாய்வுக்கு எளிய கணக்கு உண்டு. உயரம் நான்கு பங்கு என்றால், ஏணியின் கால் ஒரு பங்கு தள்ளி இருக்க வேண்டும். 3 மீட்டர் உயரக் கூரைக்கு 75 சென்டிமீட்டர். இது 75 பாகை சாய்வு. அளக்க நாடா இல்லாவிட்டால், கால்விரல்கள் ஏணியின் அடியைத் தொடும்படி நிமிர்ந்து நின்று கைகளை நேராக நீட்ட வேண்டும். தோள் உயரத்தில் உள்ள படியை உள்ளங்கை தொட்டால் சாய்வு சரி. கை எட்டாவிட்டால் ஏணி மிகவும் படுத்திருக்கிறது, அடி வழுக்கும். கையை மடக்க வேண்டியிருந்தால் மிகவும் நிமிர்ந்திருக்கிறது, பின்னால் சாயும்.

ஏணியின் நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3 மீட்டர்க் கூரைக்கு 3 மீட்டர் ஏணி போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கூரை விளிம்புக்கு மேலே இன்னும் 1 மீட்டர் ஏணி நீண்டிருக்க வேண்டும், பிடித்துக்கொள்வதற்காக. அதையும் சாய்வையும் சேர்த்தால் ஏணி குறைந்தது 4.2 மீட்டர் நீளம் இருக்க வேண்டும்.

அடிப்பாகம் காய்ந்த, உறுதியான தரையில் நிற்க வேண்டும். சந்தை ஓரத்தில் மீன் தண்ணீரும் கீரைத் தழையும் கிடக்கும் தரையில் ரப்பர்க் காலும் வழுக்கும். ஏணிக்கு உயரம் போதவில்லை என்று மரப்பெட்டிமேலோ லாரியின் பின்கதவுமேலோ ஏணியை நிறுத்துவது கூடவே கூடாது. தலைப்பாகம் பக்கக் கண்ணாடியிலும், தார்ப்பாயிலும், கண்ணாடிச் சன்னலிலும் சாயக்கூடாது. உறுதியான சட்டத்தில் சாய்த்துக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும் வரை இன்னொருவர் அடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ஏ’ வடிவ மடக்கு ஏணியை மூடியபடி லாரியில் சாய்த்து ஏறுவது பரவலாகக் காணப்படும் தவறு. அதன் கால்கள் அந்தச் சாய்வுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஏணியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வில்லையையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் இஎன் 131 தரத்தில் செய்யப்பட்ட ஏணிகள் 150 கிலோ வரை தாங்கும். இது ஆளின் எடை மட்டுமல்ல, அவர் இடுப்பில் தொங்கும் கருவிகளையும் தோளில் இருக்கும் கயிற்றுச் சுருளையும் சேர்த்து. வில்லை கிழிந்து, படி வளைந்து, ரப்பர்க் கால் தேய்ந்த ஏணியை ஓரமாக வைத்தால் போதாது. வேறு யாராவது எடுத்துவிடுவார்கள். அறுத்துத் துண்டாக்கிவிடுவதுதான் சரி.

கடைசிப் படி

ஏணியில் ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித் தரும் மூன்று பிடிமானம் இதுதான். இதைக் கடைப்பிடிப்பவர்கூடத் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது: ஏணியிலிருந்து கூரைக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடி. ஏணி விளிம்போடு முடிந்துவிட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆள் குனிந்து, முழங்காலைக் கூரையில் ஊன்றி, ஏணியைக் காலால் உதைத்துத்தான் மேலே போவார். அந்த உதைப்பில் ஏணி பக்கவாட்டில் நழுவும். மேலே நீண்டிருக்கும் அந்த 1 மீட்டரும் தலைப்பாகத்தில் கட்டிய கயிறும் இந்த நொடிக்காகத்தான் இருக்கின்றன.

இறங்கும்போது இன்னும் கடினம். ஏறும்போது கண் முன்னால் ஏணி இருந்தது; இறங்கும்போது அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பி, கூரைப் பக்கம் முகம் வைத்து, ஏணியின் நீண்ட பகுதியைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் தேட வேண்டும். வேலை முடிந்த அலுப்பும் அவசரமும் சேரும் நேரமும் அதுவே. கருவிகளைக் கையில் பிடித்தபடி இறங்குவது, கடைசி மூன்று படி இருக்கும்போதே குதிப்பது இரண்டும் அப்போதுதான் நடக்கும். கருவிகளைப் பையில் போட்டுக் கயிற்றில் இறக்கிவிட்டு, கையை ஏணிக்கே விட்டுவிடலாம்.

மேலே நிற்கும்போது பின்னோக்கி நடப்பதுதான் பெரிய ஆபத்து. தார்ப்பாயை இழுக்கும் ஒருவர் தன்னை அறியாமல் விளிம்பை நோக்கிப் பின்வாங்குகிறார். முடிச்சு திடீரென்று அவிழ்ந்தால் அவரது பலமே அவரைத் தள்ளிவிடும். கயிற்றை விளிம்புக்கு இணையாக நின்று இழுப்பதும், தார்ப்பாய்க்குக் கீழே ஓட்டையோ பள்ளமோ இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது பழக்கப்பட்ட ஓட்டுநருக்கும் பொருந்தும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. ஈரமான உலோகக் கூரையில் பாதுகாப்புக் காலணியும் பிடிக்காது. இடி முழக்கம் கேட்டால், திறந்த வெளியில் அலுமினிய ஏணியின்மேல் நிற்பவர் உடனே இறங்க வேண்டும். மின்கம்பிகள் பெரும்பாலும் நிலத்தடியில் செல்லும் சிங்கப்பூரில் மேலே மின்சாரம் பற்றிய பயம் குறைவுதான். ஆனால் பண்டிகைக் காலத்தில் சிராங்கூன் சாலையின் குறுக்கே விளக்கு அலங்காரங்கள் தொங்கும்போது, அண்ணாந்து பார்க்காமல் நீண்ட அலுமினிய ஏணியை நிமிர்த்தக்கூடாது.

பெல்ட் போட்டால் போதுமா?

‘சேஃப்டி பெல்ட்’ என்று ஊழியர்கள் சொல்லும் உடல்வார் எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. லாரி விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். அதிர்வைத் தாங்கும் வகைக் கயிற்றின் நீளம் 2 மீட்டர் வரை இருக்கலாம். விழும்போது அதன் அதிர்வுத் தாங்கி கிழிந்து 1.75 மீட்டர் வரை நீளலாம். கொக்கியிலிருந்து கால் வரை ஆளின் உடல் ஏறக்குறைய 1.5 மீட்டர். தரைக்கு மேல் இடைவெளியாக இன்னும் 1 மீட்டர் வேண்டும். மொத்தம் 6.25 மீட்டர். 4 மீட்டர் உயரக் கொள்கலனின் உச்சியிலேயே கொக்கியை மாட்டியவர் விழுந்தால், கயிறு முழுவதும் நீள்வதற்கு முன்பே தரையில் மோதிவிடுவார். பெல்ட் போட்டிருந்தும் பலனில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தலைக்கு மேலே உறுதியான உத்தரத்தில் மாட்டி, கார் இருக்கை வார்போலத் தானே உள்ளிழுத்துக்கொண்டு, இழுப்பு வேகமானதும் பூட்டிக்கொள்ளும் கயிறு. கிடங்கின் கூரைச் சட்டத்தில் இதைப் பொருத்தி அதன்கீழ் லாரியை நிறுத்தினால் பயன்தரும். மற்றொன்று, விளிம்பை எட்டவே முடியாத அளவுக்குக் குட்டையான கயிறு; விழவே விடாது என்பதால் இதுவே மேல். எந்த வழியானாலும், வாரில் தொங்குபவரை எப்படி இறக்குவது என்பதை வேலைக்கு முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். அசையாமல் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கி, சிறிது நேரத்திலேயே மயக்கமும் அதற்கு மேலும் நேரலாம்.

ரதமும் மோட்டார்ஹோமும்

வாகனத்தின்மேல் ஏறுபவர்கள் சரக்கு ஊழியர்கள் மட்டுமல்ல. தைப்பூசத்துக்கு முந்தின நாள் டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து கியோங் சைக் சாலையின் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு வெள்ளி ரதம் புறப்படுகிறது. எந்தக் கோயிலாக இருந்தாலும், ரதத்துக்கோ ஊர்வல வாகனத்துக்கோ மாலையும் விளக்கும் கட்டுவது பெரும்பாலும் தொண்டூழியர்கள். வேட்டியும் வெறுங்காலுமாக ஏணியில் ஏறுபவருக்கும் புவியீர்ப்பு ஒன்றுதான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தாலும் படியில் சிக்கும். அலங்காரக் குழுவில் ஒருவர் ஏணியின் அடியைப் பிடிப்பதற்காக மட்டுமே இருக்கட்டும்.

மோட்டார்ஹோம் சிங்கப்பூர்ச் சாலையில் அபூர்வம். ஆனால் ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ விடுமுறைக்கு அதை வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் உண்டு. கோடம்பாக்கம் வழியாகக் ‘கேரவன்’ என்றே பலருக்கு அது பழக்கம். பின்பக்கத்தில் ஏணி பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு மேலே ஏறிப் படம் எடுக்க ஆசை வரும். அந்தக் கூரை பெரும்பாலும் மெல்லிய கண்ணாடியிழை அல்லது அலுமினியத் தகடு. நடுவில் உள்ள காற்றுச் சன்னல்களும் சூரியசக்தித் தகடுகளும் ஆள் எடையைத் தாங்கா. பொருத்திய ஏணியின் எடை வரம்பு கையேட்டில் இருக்கும். வாடகை வண்டியென்றால் கூரைமேல் ஏற ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும். சொந்த வண்டியின் கூரையில் ஏறித்தான் ஆக வேண்டுமானால், வண்டியின் நிலைநிறுத்தும் கால்களை இறக்கி, சட்டம் ஓடும் இடத்தில் பலகை போட்டு, முழங்காலிட்டு நகர்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது

உயரத்தில் வேலை செய்வதற்கான விதிமுறைகள் 2013ல் நடப்புக்கு வந்தன. 2 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள திறந்த ஓரத்தில் தடுப்போ அதற்கு இணையான ஏற்பாடோ வேண்டும். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் அது ‘அபாயகரமான’ உயர வேலை. தொடங்கும் முன்பு எழுத்துபூர்வ வேலை அனுமதி வேண்டும். ஊழியர்கள் பேச்சில் ‘பெர்மிட்’ என்றால் கைரேகை கொடுத்து வாங்கும் அட்டைதான். இது அந்தப் பெர்மிட் அல்ல. இந்த வேலை, இந்த இடம், இந்த நாள், இன்னின்ன பாதுகாப்பு என்று எழுதி, பொறுப்பானவர் நேரில் பார்த்துக் கையொப்பமிடும் தாள். பார்க்காமல் காலையிலேயே மொத்தமாகக் கையெழுத்துப் போட்ட தாளால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் துணை விதிகளை மீறுவதற்கான அதிகபட்ச அபராதம் 1 ஜூன் 2024 முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்துள்ளது.

சட்டம் தெரிந்தும் வாய் திறப்பது எளிதல்ல. “ரெண்டு நிமிஷ வேலைதானேப்பா, ஏறு” என்று மேற்பார்வையாளர் சொல்லும்போது, புதிதாக வந்த ஊழியர் “முடியாது அண்ணே” என்று சொல்வது கடினம். “ஏணி எங்க இருக்கு அண்ணே? வண்டிச் சாவிய குடுங்க, கட்டையும் போட்டுட்டு ஏறுறேன்” என்று கேட்பது அவ்வளவு கடினமில்லை. அது மறுப்பல்ல, வேலை செய்யத் தயார் என்பதும் அதில் இருக்கிறது. அதற்கும் பலன் இல்லையென்றால், மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் செயலியில் படம் எடுத்துப் புகார் செய்யலாம்.

யாராவது விழுந்துவிட்டால் முதலில் 995ஐ அழைக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது, லாரியிலேயே ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது வேண்டாம். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே காலை முடக்கிவிடும். மூச்சு இருக்கிறதா என்று கவனித்தபடி, கழுத்தை அசைக்காமல் ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருக்க வேண்டும். “நல்லாதான் இருக்கேன்” என்று எழுந்து நடப்பவரையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவரிடம் எங்கிருந்து, எப்படி விழுந்தார் என்பதை உள்ளபடி சொல்வது முக்கியம். தங்குவிடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் சம்மதிக்கக்கூடாது. பிறகு இழப்பீடு கோரும்போது அந்த முதல் பதிவுதான் பார்க்கப்படும்.

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் யாருடைய தவறு என்று ஊழியர் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால் ஏற்பட்ட காயத்துக்கு ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ கொடுக்கப்பட்டாலும் முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கோரலாம். அந்த முதலாளியிடம் இப்போது வேலை செய்யாவிட்டாலும் கோரலாம். எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.